மாநாட்டுக்குப் போய்வந்த சூடு மூன்றே வாரத்தில் ஆறிப்போகாமல் இருக்க என்ன செய்வது?

ஐக்கியச்செயலர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 22 பேர் ஒரு கிறிஸ்தவ மாநாட்டுக்குப் போகிறார்கள். மூன்று நாள், இரண்டு இரவு. வயது 14 முதல் 21 வரை; 13 பேர் 18-க்குக் கீழே. பெண்பிள்ளைகள் 12, பையன்கள் 10. கிளம்ப இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

எனக்குத் தெரியவேண்டியவை: பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும், முன்கூட்டியே என்ன தயாரிக்க வேண்டும், அங்கே இரவில் குழுவாகக் கூடுவது அவசியமா, திரும்பி வந்தபின் என்ன செய்ய வேண்டும். பொதுவாக எந்தச் சபையிலும் நடப்பது இதுதானே: வந்த முதல் ஞாயிறு கண்ணீரும் சாட்சியும், மூன்றாவது ஞாயிறு அதே பழைய பின்பெஞ்சு. அது ஏன்? "ஜெபியுங்கள்" என்பது தெரியும், ஜெபிக்கிறோம். அதற்கு மேல் கையால் செய்யவேண்டிய வேலை எது என்று சொல்லுங்கள்.

தலைக்கணக்கு:

பத்து வாரம் தாராளம் பிரதர். முதல்ல பெரியவங்க கணக்கு. குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்குற பிரிட்டன் அமைப்பு என்எஸ்பிசிசி, 13 முதல் 18 வயசு வரைக்கும் பத்துப் பேருக்குக் குறைஞ்சது ஒரு பெரியவர்னு அளவு சொல்லுது. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு மூணு பேர்ல முடிஞ்சிடும். ஆனா ராத்திரி ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா வந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, மிச்சம் இருக்குறவங்கள்ல பெண்கள் பக்கம் ஆளே இல்லாம போகலாம். அதனால ரெண்டு ஆண், ரெண்டு பெண், மொத்தம் நாலு. 19, 20 வயசுப் பிள்ளைகளை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அவங்களும் மாநாட்டுக்குத்தான் வர்றாங்க, காவலுக்கு இல்ல.

பெற்றோர் கையெழுத்துப் படிவம் ஒரே தாள்ல இருக்கணும், ரெண்டு பிரதி. ஒண்ணு உங்க கையில, இன்னொண்ணு கூட வராம சபையில இருக்குற ஒருத்தர்கிட்ட. அவசரத்துக்கு ரெண்டு போன் நம்பர் கேளுங்க. ரெண்டும் ஒரே வீட்டு நம்பரா இருந்தா திருப்பி அனுப்புங்க. வீட்டுல யாரும் போன் எடுக்கலைன்னா ரெண்டும் வீண். ஒவ்வாமை, வழக்கமா சாப்பிடுற மருந்து, வலிப்பு, மயக்கம், தூக்கத்துல நடக்குற பழக்கம் எல்லாத்துக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்க. "வேறு ஏதேனும்"னு ஒரே கோடு விட்டா எல்லாரும் "இல்லை"னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

மருந்துக்கு ஆளுக்கொரு ஜிப் வெச்ச பை. மாத்திரை கடைல வாங்குன அட்டையோடயே இருக்கணும், பிரிச்சுக் காகிதத்துல மடிச்சுத் தந்தா வாங்காதீங்க. பை மேல பேர், மாத்திரை பேர், எத்தனை, எப்போ. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: குடுத்த நேரம், குடுத்தவர் கையெழுத்து. இன்ஹேலர் மட்டும் பிள்ளை பாக்கெட்லயே இருக்கட்டும், உங்க பெட்டில பூட்டி வெச்சா மூச்சு முட்டுற நேரத்துல சாவி தேடணும். பாராசிட்டமால்ல எல்லாரும் அசட்டையா இருப்பாங்க. ஒருத்தர் தலைவலிக்குக் குடுப்பார், அரைமணி கழிச்சு இன்னொருத்தர் சளிக்கு மாத்திரை குடுப்பார், அதுக்குள்ளேயும் பாராசிட்டமால் இருக்கும். அதனால மருந்துப் பை ஒரே ஒருத்தர் பொறுப்பு.

இப்போ தலை எண்ணுறது. பன்னிரண்டு வயசு இயேசு கூட்டத்துலதான் வர்றார்னு நினைச்சு யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் வந்துட்டாங்க, லூக்கா 2:44. கூட்டத்துல இருப்பான்கிற அந்த நினைப்புதான் இன்னைக்கும் ஆளைத் தொலைக்குது. வரிசையா நம்பர் சொல்ற முறை வேண்டாம், பாத்ரூம் போன நண்பனுக்கு இவனே "பதினாலு!"னு குரல் குடுத்துடுவான். 22 பேரை நாலு குழுவாப் பிரிங்க, ஒவ்வொரு பெரியவருக்கும் அஞ்சு ஆறு முகம். முகத்தைப் பார்த்து எண்ணி உங்ககிட்ட வந்து சொல்லணும். வண்டி ஏறும்போது எண்ணாதீங்க, எல்லாரும் உட்கார்ந்தப்புறம் எண்ணுங்க. ஏறினவன் தண்ணி பாட்டில் வாங்க இறங்கியிருப்பான்.

தொலைஞ்சா கூடுற இடம் நகராத பொருளா இருக்கணும். மேடைக்கு வலப்பக்கம், முன்வாசல் ரெண்டும் ஆகாது, ஆயிரம் பேர் அங்கதான் நிப்பாங்க. தண்ணித்தொட்டி, நம்பர் போட்ட விளக்குக்கம்பம் மாதிரி ஏதாவது. பெரிய கூட்டத்துல போன் லைன் கிடைக்காது. கால் போகாதபோதும் எஸ்எம்எஸ் சிலசமயம் போயிடும். கழுத்துல மாட்டுற அட்டைக்குப் பின்னாடி மூணு வரி எழுதி ஒட்டுங்க: கூடுற இடம், ரெண்டு பெரியவங்க நம்பர், "இங்கேயே நில், தேடி அலையாதே". முன்பக்கம் எது வேணும்னாலும் இருக்கட்டும்.

பெரோயா_வாசகி:

சூடு ஏன் ஆறுகிறது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் அது மூன்றாவது வாரத்தில் ஆறுவதில்லை. போவதற்கு முன்பே விறகு அடுக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்ததும் பேச்சாளர் பெயர்களை விட்டுவிட்டு, எந்த நாள் என்ன பொருள் என்று வரிசையைப் பாருங்கள். 1875-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கெஸ்விக் என்ற கிறிஸ்தவ மாநாட்டுக் கூட்டங்களில் நாளுக்கொரு பொருள் என்று ஒரு ஒழுங்கு நெடுங்காலம் இருந்தது: முதல் நாள் பாவம், அடுத்து அதற்கு தேவன் வைத்திருக்கும் வழி, பிறகு அர்ப்பணிப்பு, ஆவியின் நிறைவு, கடைசியில் ஊழியம். இன்றைய மாநாடுகள் பலவும் தெரிந்தோ தெரியாமலோ இப்படியொரு ஏணியைத்தான் சாய்த்து வைக்கின்றன. முதல் நாள் காலைக் கூட்டத்தைத் தவறவிட்டு மதியம் போய்ச் சேர்பவர்களுக்கு ஏணியின் கீழ்ப்படிகள் கிடையாது. இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்க முன்வாருங்கள் என்ற கடைசி இரவின் அழைப்பு அவர்களுக்கு வெறும் இசையும் கண்ணீருமாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே மாநாட்டின் வேதபகுதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முந்தைய நான்கு வாரமும் அதையே உங்கள் ஐக்கியத்தில் வாசியுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும் அந்தப் பகுதியிலிருந்து ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும். கேள்வியோடு போகிறவன் அங்கே கேட்பது வேறு, பையோடு மட்டும் போகிறவன் கேட்பது வேறு. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). மாநாட்டு மேடையில் நிற்பவர் பவுலைவிடப் பெரியவர் இல்லையே.

ஒரே நேரத்தில் பல வகுப்புகள் நடந்தால் யார் எதற்குப் போவது என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். அங்கே போய்த் தீர்மானித்தால் இருபத்திரண்டு பேரும் நண்பர்களைப் பார்த்து ஒரே அறைக்குள் நுழைவார்கள். வகுப்புக்கு இருவராவது போகட்டும், தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். திரும்பி வரும்போது மூன்று வரி எழுதிக்கொண்டு வரவேண்டும்: என்ன சொன்னார்கள், எந்த வசனத்திலிருந்து, எனக்கு ஒப்பவில்லை என்றால் எது. மூன்றாவது வரிதான் முக்கியம். அது காலியாகவே இருந்தால் யாரும் யோசிக்கவில்லை என்று பொருள்.

இரவுக் கூடுகை அவசியம். ஆனால் 22 பேரை வட்டமாக உட்கார வைத்து "எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முதல் பிள்ளை "நல்லா இருந்துச்சுண்ணா" என்பான். அடுத்தவள் "ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு" என்பாள். அதற்கடுத்த இருபது பேரும் "அதேதான்". ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவில் வேறு கேள்வி கேளுங்கள்: இன்று எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்த வாக்கியம் புரியவில்லை? இன்று கேட்டதை அப்படியே செய்தால் வீட்டில் யாருக்குச் சங்கடம்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் தலைவருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

பின்வரிசை:

வாசகி அக்கா சொன்னதுல பாதி சரி. இரவுக் கூடுகைல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. 13 முதல் 18 வயசுக்கு ஒரு நாளைக்கு 8லிருந்து 10 மணிநேரத் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. காலைல ஆறு மணிக்கு ஜெபம், ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் முடிவு. அதுக்கு மேல அரைமணி பகிர்வு, பல் தேய்ச்சு, பேசிச் சிரிச்சு, படுக்கும்போது பதினொண்ணரை. ஆறரை மணிநேரம்கூடத் தேறாது. இதுக்கு முந்தின ராத்திரி வண்டியில உட்கார்ந்துக்கிட்டே வந்திருப்பாங்க. ரெண்டாம் நாள் ராத்திரி அழைப்பு குடுக்கும்போது அழறவங்கள்ல எத்தனை பேர் ஆவியானவரால அழறாங்க, எத்தனை பேர் தூக்கக் கலக்கத்துல அழறாங்கன்னு பிரிக்க உங்களால முடியாது, என்னாலயும் முடியாது.

அதனால என் யோசனை: ராத்திரிப் பயணத்தைத் தவிர்த்து முந்தின நாள் சாயந்திரமே போய்ச் சேருங்க. குழுப் பகிர்வை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்பது நிமிஷம் வைங்க. ராத்திரி அஞ்சே நிமிஷம்: தலைக்கணக்கு, ஒரு சின்ன ஜெபம், விளக்கு அணைப்பு. திரும்பி வந்த மறுநாள் பள்ளிக்கூடம், பரீட்சை இருக்குற மாதிரி தேதி வெக்காதீங்க.

இன்னொண்ணு, யாரும் பேசாத விஷயம்: சத்தம். அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ் போட்ட கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணிநேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 94-ல ஒரு மணிநேரம், 100-ல பதினஞ்சே நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல இசை நிகழ்ச்சி அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பும் பதினஞ்சு நிமிஷச் சராசரி 100 டெசிபல்தான். ஆராதனை முக்கால் மணிநேரம், பிள்ளைங்க எல்லாம் ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல முதல் வரிசை! போன்ல டெசிபல் காட்டுற ஆப் தோராயமாச் சொல்லும், எச்சரிக்கைக்கு அது போதும். ஆளுக்கொரு ஜோடி நுரை காதடைப்பான் வாங்குங்க. விரலால உருட்டி மெல்லிசாக்கி, மறுகையால காதை மேல் பக்கமா இழுத்துப் பிடிச்சு உள்ளே வெச்சு, விரியுற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். சும்மா வாசல்ல செருகினா பிரயோஜனமில்ல. கூட்டம் முடிஞ்சு காதுல "ஙொய்"ங்குதுன்னு யாராவது சொன்னா அடுத்த கூட்டத்துக்கு அவங்களைப் பின்னாடி உட்கார வைங்க. நான் ஏன் பின்வரிசைன்னு பேர் வெச்சிருக்கேன்னு இப்போ புரியும்.

ஐக்கியச்செயலர்:

மிக்க நன்றி. பகிர்வை மதியத்துக்கே மாற்றிவிடுகிறேன். முந்தின நாள் போய்ச் சேருவதை வண்டிக்காரரிடம் பேசவேண்டும். அந்த அழைப்பு இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? ஒப்புக்கொடுக்கும் அட்டை தருவார்களாம். பிள்ளைகள் நிரப்பும்போது நாங்கள் தலையிடலாமா?

கல்நிலம்:

நிரப்பும்போது தலையிடாதீர்கள். ஆனால் அட்டையை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். வழக்கமாக நான்கைந்து கட்டங்கள் இருக்கும்: முதன்முறையாக இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன், மறுபடி ஒப்புக்கொடுக்கிறேன், முழுநேர ஊழியம், ஆலோசனை வேண்டும். கீழே பெயர், வயது, போன். 18-க்குக் கீழே உள்ளவர்கள் சொந்த நம்பரை எழுத வேண்டாம், குழுத் தலைவரின் நம்பரை எழுதட்டும் என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். அந்த அட்டை எங்கே போகிறது, யார் அழைப்பார்கள், எதற்கு அழைப்பார்கள் என்று மாநாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நம்பர் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அட்டை மாநாட்டுக்காரர்களோடு போய்விடும். பிள்ளையிடம் எதுவும் மிஞ்சாது. எனவே மறுநாள் காலை (அன்று இரவே வேண்டாம்) தன் நோட்டில் தன் வார்த்தையில் எழுதவேண்டும்: நான் தேவனிடம் என்ன சொன்னேன், அடுத்த ஞாயிற்றுக்குள் செய்யப்போகும் ஒரு காரியம், அதைச் செய்தாயா என்று என்னைக் கேட்கப்போகும் ஆள். "இனி நன்றாக ஜெபிப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "அப்பாவோடு நாலு மாதமாகப் பேசவில்லை, புதன்கிழமைக்குள் பேசுவேன்" என்பதுபோல நாளும் செயலும் இருக்கவேண்டும்.

முழுநேர ஊழியம் என்று எழுதியவர்களைக் கைதட்டி மேடையேற்றாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். 17 வயதில் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் போய் நிற்பதும், ஊர்முழுக்கச் சொல்லிவிட்டோமே என்று பின்னால் வெட்கத்தில் சபைக்கே வராமல் போவதும் இங்கேதான் தொடங்குகின்றன. போரில் ஜெயித்தால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்ற யெப்தாவின் பொருத்தனை ஒரு வாக்கியம்தான். விலை கொடுத்தது அவன் மகள்.

இதற்கு எதிர்மாறாக ஒரு சரித்திர உதாரணம் உண்டு. 1886-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹெர்மோனில், நற்செய்தியாளர் டி. எல். மூடியின் அழைப்பில் சுமார் 250 கல்லூரி மாணவர்கள் கூடினார்கள். முடிவில் 100 பேர் மிஷனரிகளாகப் போக ஆயத்தம் என்று கையெழுத்திட்டார்கள். ஆனால் அந்தக் கூடுகை நடந்தது ஏறக்குறைய ஒரு மாதம். கையெழுத்துகள் ஒரே இரவில் குவியவில்லை; பேசி, ஜெபித்து ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பிறகு அவர்களில் ராபர்ட் வைல்டரும் ஜான் ஃபோர்மனும் ஆள் திரட்டக் கல்லூரி கல்லூரியாகப் போனார்கள். 1888-இல்தான் அது மாணவர் தன்னார்வ இயக்கமாக ஒழுங்கு பெற்றது. உங்களிடம் இருப்பது மூன்று நாள். மீதி நாட்களை ஊரில்தான் கொடுக்கவேண்டும். ஊழிய அழைப்பு என்று எழுதியவரிடம் தேதி போடச் சொல்லுங்கள், போதகரோடு மாதம் ஒருமுறை உட்காரட்டும், ஆறு மாதம் கழித்து அதே தாளைத் திறந்து வாசிக்கட்டும். உண்மையான அழைப்பு ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். அந்த இரவில்தான் சில பிள்ளைகள் தங்களுக்கு நடந்த கொடுமையை முதன்முறையாகச் சொல்வார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. துருவிக் கேள்வி கேட்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே நேரத்தோடு எழுதி, அன்றிரவே போதகருக்கோ சபையில் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவருக்கோ தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் காதுக்கு உங்கள் மூலம் போகக்கூடாது. அவர் போதகராகவே இருந்தாலும் இதே விதிதான், அப்போது நேரே வெளி அதிகாரிகளிடம் போகவேண்டும். சாகவேண்டும் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், ஜெபித்துவிட்டுத் தூங்க அனுப்பாதீர்கள். ஒரு பெரியவர் விழித்துக் கூடவே இருக்கட்டும், மற்றவர் பெற்றோரையும் மருத்துவரையும் அழைக்கட்டும். தனிப்பேச்சு எதுவானாலும் மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில், காது கேட்காத தூரத்தில்.

பெரோயா_வாசகி:

பின்வரிசை சொன்ன மதிய நேரம் நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். அழைப்பு இரவு ஒன்றில் மட்டும் படுக்கைக்கு முன் பத்து நிமிடம் குழுத் தலைவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். வருகிறவர்கள் வரட்டும்.

திரும்பி வந்தபின் உள்ள ஆறு வாரத்தைப் பற்றி. தேதிகளைக் கிளம்புவதற்கு முன்பே எல்லோருடைய காலண்டரிலும் எழுதிவிடுங்கள். வந்தபின் குறிக்கலாம் என்றால் நடக்காது. வந்த மூன்றாம் நாளில் ஒன்றரை மணிநேரம் கூடி, நோட்டுகளைத் திறக்கவேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை அந்தக் கேட்கும் ஆள் கேட்கவேண்டும், நேரிலோ போனிலோ, ஐந்து நிமிடம். தளர்ச்சி வருவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில். அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்: "ஒருநாள் காலையில் எழுந்ததும் ஒன்றுமே உணரமாட்டாய், அன்றைக்கும் வேதத்தைத் திற." சொல்லாவிட்டால், உணர்ச்சி வடிந்த அன்றே தன் அனுபவம் பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இயேசு மகிமையாய் மறுரூபமானதை மலையில் மூன்று சீஷர்கள் கண்டார்கள்; மறுநாள் இறங்கியதுமே எதிரே நின்றது ஒரு அசுத்த ஆவி பிடித்த பையன். அவனைக் குணமாக்கக் கீழே இருந்த சீஷர்களால் முடியவில்லை.

இரண்டு சண்டைகள் வரும், தயாராக இருங்கள். ஒன்று பாட்டு. அங்கே கற்ற ஐந்து பாட்டையும் அடுத்த ஞாயிறே சபையில் பாடவேண்டும் என்பார்கள், பாடகர் குழு முகம் சுளிக்கும். மாதத்துக்கு ஒன்று, பாடகர் குழுவோடு ஒத்திகை பார்த்து. இன்னொன்று, "நம்ம சபை செத்துக் கிடக்குது" என்ற பேச்சு. பல மாதம் ஒத்திகை பார்த்த மூன்று நாளை, வருடத்தின் 52 ஞாயிறோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் ஒரு குறை உண்மையாக இருந்தால் அதைச் சரிசெய்யும் வேலையைச் சொன்னவரிடமே கொடுங்கள்.

போகாதவர்களை மறந்துவிடாதீர்கள். பணமில்லாமலோ வீட்டில் அனுப்பாமலோ நின்றவர்கள் இருப்பார்கள். போனவர்கள் அங்கே நடந்ததையே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் ஐக்கியம் இரண்டாக உடையும். மூன்று வரிக் குறிப்புகளைக் கொண்டு இரண்டாம் வாரம் போகாதவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு.

ஐக்கியச்செயலர்:

கடைசியாக ஒன்று. வந்த முதல் ஞாயிறே சாட்சி வேளை என்று போதகர் ஐயா ஏற்கெனவே அறிவித்துவிட்டார். என்ன செய்யட்டும்?

கல்நிலம்:

ஐயாவிடம் பணிவாகப் பேசி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு ஒரே ஒருவர், இரண்டு நிமிடம்: பத்திரமாகப் போய்வந்தோம், பணம் கொடுத்தவர்களுக்கும் ஜெபித்தவர்களுக்கும் நன்றி. அவ்வளவுதான். மறுரூப மலையில் கண்டதைச் சீஷர்கள் அந்த நாட்களில் ஒருவருக்கும் சொல்லாமல் அடக்கமாயிருந்தார்கள் என்று லூக்கா 9:36-இல் இருப்பதைக் காட்டினால் ஐயா மறுக்கமாட்டார். சாட்சி ஆறாவது வாரத்தில், நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், எழுதி வாசிக்கட்டும். அங்கே என்ன உணர்ந்தேன் என்பது ஒரு வரி போதும். மீதியெல்லாம் இந்த ஆறு வாரத்தில் என்ன செய்தேன், எதில் தோற்றேன் என்பதாக இருக்கட்டும். 18-க்குக் கீழே உள்ளவர்களின் தாளை நீங்கள் முன்னதாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். வீட்டு விஷயம் எதையாவது மைக்கில் சொல்லிவிட்டால் திரும்ப அள்ள முடியாது.

தலைக்கணக்கு:

அந்த ஞாயிறு மருந்துப் பைகளைத் திருப்பிக் குடுக்க மறந்துடாதீங்க பிரதர். எல்லாரும் மறக்குறது அதைத்தான்.